அரை நொடி மைத்துனன்

எக்ஸ்ரேக்காரர் யார் பேச்சையும் லேசில் கேட்க மாட்டார். அதிலும் ஒரு விஷயத்தில் கேட்பது போல நடிக்கக்கூட மாட்டார்: எடுத்த படத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், இருபத்தெட்டு வருடமாக மனிதர்களை மூச்சை அடக்கி அசையாமல் நிற்கச் சொல்லி அவர்களுடைய எலும்புகளைப் படம் பிடிக்கிறவர் அவர். எடுப்பதோடு அவர் வேலை முடிந்தது. பார்த்து என்ன ஏது என்று சொல்வது மாடியில் இருக்கும் டாக்டரின் வேலை. "படம் தெளிவா இருக்கான்னு கேளுங்க, சொல்றேன். கால் உடைஞ்சிருக்கான்னு என்னைக் கேக்காதீங்க" என்பார், வலியில் துடிக்கிறவரிடம்கூட.

இப்படிப்பட்டவரிடம்தான் மகள் ஒரு வேலை வைத்தாள். அவளுக்குக் கடல் கடந்து ஒரு நாட்டில் வேலை கிடைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை விமானம். அதற்குள் அப்பாவிடம் இரண்டு காரியம் முடித்துக்கொள்ள வேண்டும் என்று விரலை மடக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"ஒண்ணு, என் சின்ன வயசு கேசட்டையெல்லாம் டிவிடி ஆக்கிக் கொடுங்க. ரெண்டு, சனிக்கிழமை சாப்பாட்டுக்கு மாமா வர்றாரு. அவர்கூடப் பேசுங்க."

"முதல்ல சொன்னதைச் செய்யறேன்."

"அப்பா."

"வரட்டும். சாப்பிடட்டும். போகட்டும். நான் யாரையும் தடுக்கலயே."

மாமா என்றால் எக்ஸ்ரேக்காரர் மனைவியின் ஒரே தம்பி. லிஃப்ட் மெக்கானிக். இருவருக்கும் பேச்சு நின்று எட்டு வருடம் ஆகிறது. காரணத்தை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் வீட்டில் யாரும் வெளியில் சொல்வதில்லை. நாம் சொல்லிவிடலாம். மகள் பள்ளிக்கூடத்தில் மேடையேறிப் பரிசு வாங்கியதை எக்ஸ்ரேக்காரர் பதினோரு நிமிடம் எடுத்து வைத்திருந்தார். மைத்துனன் ஒரு நாள் கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு போய், உள்ளே இருந்த கேசட் காலி என்று நினைத்து, அதன் மேலேயே பக்கத்து வீட்டு நாய் இரண்டு காலில் நடப்பதை எடுத்துவிட்டான். நாயும் பதினோரு நிமிடம் சளைக்காமல் நடந்திருக்கிறது. எக்ஸ்ரேக்காரர் குதி குதி என்று குதித்தார். "தெரியாம நடந்துடுச்சு அத்தான்" என்றவன், கடைசியில் பொறுமை இழந்து, "நாயும் நல்லாத்தானே நடந்திருக்கு" என்று சொல்லிவிட்டான். அதோடு சரி.

எட்டு வருடமும் நடுவில் கிடந்து அல்லாடியது மனைவிதான். தபால் நிலையத்தில் வேலை பார்க்கிறவள். அங்கே கவுண்டரில் உட்கார்ந்து ஊரார் சேதியை வாங்கி அனுப்புவது போதாதென்று, வீட்டிலும் தம்பி சொன்னதைப் புருஷனிடமும் புருஷன் சொல்லாததைத் தம்பியிடமும் கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டிருந்தாள். விசேஷம் என்றால் ஒருவர் காலையில் வருவார், மற்றவர் மாலையில் வருவார். மகளுக்காகத்தான் அந்த அளவுக்காவது வந்தார்கள். அவளும் போய்விட்டால் இந்த இரண்டு பேரையும் ஒரே கூரைக்கடியில் உட்கார வைக்க ஒரு காரணமும் மிஞ்சாது. தம்பி விட்டுப்போய்விடுவான் என்று அவள் உண்மையாகவே பயந்தாள். சனிக்கிழமையை விட்டால் வேறு நாள் இல்லை.

எக்ஸ்ரேக்காரருக்கோ கேசட்டுகளைப் பார்த்ததும் தலைகால் புரியவில்லை. எட்டு கேசட்டுகளையும் துடைத்தார். பழைய கேமராவையும் கம்ப்யூட்டரையும் ஒயரால் இணைத்தார். கேசட்டில் இருப்பதைக் கம்ப்யூட்டருக்குள் இறக்க குறுக்கு வழி கிடையாது. அது ஓடுகிற நேரம் முழுக்க ஓடித்தான் ஆக வேண்டும். ஓடுகிறபோது வாஷிங் மெஷின் போடக் கூடாது என்று உத்தரவு போட்டார், மின்சாரம் துள்ளினால் படத்தில் கோடு விழுமாம். மூன்று நாள் அழுக்குத் துணி சேர்ந்தது. அப்புறம் அவற்றை ஒன்றாக்கிப் பார்த்தால் நூற்றறுபது நிமிடம் இருந்தது. ஆறு ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. டிவிடியில் கொள்ளுவது நாலரைகூட இல்லை.

"ரெண்டு டிவிடியில போடுங்களேன்" என்றாள் மனைவி.

அதற்கு அவர் சொன்ன பதிலில் நியாயம் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். "ரெண்டாவதை மாத்திப் போட நம்ம குடும்பத்துல எவன் எழுந்து போவான்? உங்க அக்கா ரெண்டாவதுல வந்தாங்கன்னு வெச்சுக்கோ, என்னை எதுக்கு ரெண்டாவதுல போட்டீங்கன்னு ஜென்மத்துக்கும் கேப்பாங்க."

மனைவியின் அக்காவை அறிந்தவர்கள் யாரும் இதற்கு மறுப்புச் சொல்ல முடியாது. 

கம்ப்யூட்டர் கடைக்காரர் சுலபமாக ஒரு வழி சொன்னார். "சார், சாஃப்ட்வேர்ல போட்டு விட்டுட்டு ஒரு தூக்கம் போடுங்க. முழுசையும் மறுபடி என்கோட் பண்ணி, சின்னதாக்கிக் கொடுத்துடும். பார்க்கிறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது."

"எனக்குத் தெரியும்" என்றார் எக்ஸ்ரேக்காரர்.

"லேசா மங்கலாத் தெரியும், அவ்வளவுதான்."

"என் பொண்ணு மூக்கு லேசா மங்கலானா அது என் பொண்ணு மூக்கா?"

கடைக்காரர் அதற்கு மேல் வாதாடவில்லை. வாதாடுகிறவர்களுக்குத்தான் வியாபாரம் நடப்பதில்லை. மறுபடி என்கோட் பண்ணாமல் சின்னதாக்க வேண்டுமென்றால் துண்டு துண்டாக வெட்டி எடுத்துவிடலாம், மிச்சம் இருப்பது அப்படியே இருக்கும், ஒரு புள்ளிகூட மாறாது என்றார். ஒரே ஒரு சங்கடம். கம்ப்யூட்டர் வீடியோவில் முழுப் படம் அரை நொடிக்கு ஒரு தடவைதான் வரும். நடுவில் வருவதெல்லாம் 'முன்னால் இருந்தது போலத்தான், கை மட்டும் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது' என்கிற மாதிரிக் குறிப்புகள். அதனால் அந்த முழுப் படம் இருக்கிற இடத்தில் மட்டும்தான் வெட்டலாம். நினைத்த இடத்தில் கத்தி வைக்க முடியாது. முன்னே பின்னே அரை நொடி ஒட்டிக்கொண்டு வரும்.

"அரை நொடிதானே" என்று எக்ஸ்ரேக்காரர் எழுந்து வந்துவிட்டார்.

ஆக, நாற்பத்துமூன்று நிமிடம் போக வேண்டும். எதை எடுப்பது? மகள் சிரிப்பதை எடுக்க முடியாது. அழுவதை எடுக்க முடியாது, அழும்போதுதான் அந்தக் கன்னம் அப்படி உப்பும். தூங்குவது மட்டும் ஒன்பது நிமிடம் இருந்தது. அதில் கை வைக்கலாமா என்று யோசித்து, ஒருமுறை போட்டுப் பார்த்து, மூன்றாவது நிமிடத்தில் உதட்டைச் சுழிக்கிறாளே என்று விட்டுவிட்டார். அக்காவை எடுக்கவே முடியாது, காரணம் முன்பே சொன்னோம்.

அப்போதுதான் அவர் மூளையில் விளக்கு எரிந்தது. எந்தக் கேசட்டைப் போட்டாலும் எங்கிருந்தாவது மைத்துனன் முளைத்துக்கொண்டிருந்தான். ஒரு நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, அவன் வருகிற இடம் போகிற இடம் எல்லாவற்றையும் குறித்தார். கூட்டினால் நாற்பத்துநான்கு நிமிடம் வந்தது. தேவைக்கு ஒரு நிமிடம் அதிகம். எக்ஸ்ரேக்காரர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, தொழில்நுட்பத்துக்கு இதில் எந்த விரோதமும் கிடையாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

முப்பத்தோரு இடத்தில் வெட்ட வேண்டியிருந்தது. ஒவ்வொரு இடத்திலும் ஒரே தொல்லை. மைத்துனன் தலை தெரிவதற்கு முன்னால் இருக்கும் முழுப் படத்தில் வெட்டினால் அவன் சுத்தமாகப் போய்விடுவான். ஆனால் மகளுடைய அரை நொடியும் சேர்ந்து போய்விடும். அடுத்த முழுப் படத்தில் வெட்டினால் மகள் முழுசாக இருப்பாள். அவனும் அரை நொடி எட்டிப் பார்ப்பான். மகளுடைய அரை நொடியை விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. ஒரு இடத்தில்கூட வரவில்லை. ஒரு வெட்டை மட்டும் ஓடவிட்டுப் பார்த்தார். ஓரத்தில் என்னவோ பளிச்சென்று வந்து போனது. கண் சிமிட்டுகிற நேரம், எவன் கவனிக்கப் போகிறான் என்று மற்ற முப்பதையும் வெட்டித் தள்ளினார். இத்தனையிலும் அவர் பார்த்ததெல்லாம் ஆள் வருகிறானா இல்லையா என்பதைத்தான். வந்து என்ன செய்கிறான் என்று பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை.

மனைவி துணி மடித்துக்கொண்டே வந்து பின்னால் நின்றாள்.

"எங்க, என் தம்பியைக் காணோம்?"

"இடம் பத்தல."

"அத்தனை பேர் இருக்கோம். அவன் ஒருத்தன்தான் இடத்தை அடைச்சிட்டு நின்னானா?"

"கூட்டிப் பார்த்தா அப்படித்தான் வருது. நான் என்ன பண்ண?"

அவள் கையில் இருந்த சட்டையை நான்காக மடித்தாள், எட்டாக மடித்தாள், மேலும் மடிக்க இடமில்லாமல் நிறுத்தினாள். "உங்க இஷ்டம். நான் ஒண்ணும் சொல்லல" என்றாள். குரல் உடைந்திருந்தது. கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அந்த வாக்கியத்தைக் கேட்ட பிறகு எந்த நாளும் நன்றாகப் போனதில்லை என்பது எக்ஸ்ரேக்காரருக்குத் தெரியும். தெரிந்தும் பிடிவாதமாக டிவிடியை எழுத வைத்தார்.

சனிக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்தது. மைத்துனன் வந்திருந்தான். தலை முன்பக்கம் கொஞ்சம் வழுக்கை விழுந்திருந்தது. எக்ஸ்ரேக்காரரைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களா" என்று பொதுவாகச் சுவரைப் பார்த்துக் கேட்டான். இவரும், "ம்" என்று சன்னலுக்குப் பதில் சொன்னார். சாப்பாட்டு மேசையில் உப்பு வேண்டியிருந்தபோது இருவரும் மனைவி வழியாக வாங்கிக்கொண்டார்கள். மனைவி இதைப் பார்த்துக்கொண்டே பரிமாறினாள். அவள் தட்டில் சோறு அப்படியே இருந்தது.

எல்லாரும் டிவி முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். மகள் தரையில், மனைவியின் அக்கா நல்ல சோபாவில், மைத்துனன் கதவோரம் ஒரு நாற்காலியில், எப்போது வேண்டுமானாலும் கிளம்புகிறவன் மாதிரி. எக்ஸ்ரேக்காரர் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு, "ஒரு புள்ளிகூட மாறல. அப்படியே ஒரிஜினல்" என்று முன்னுரை சொல்லிவிட்டு ஓடவிட்டார்.

தொட்டிலில் குழந்தை. எல்லாரும் "ஐயோ" என்றார்கள். குழந்தை கவிழ்ந்தது, தவழ்ந்தது. கட்டிலின் விளிம்பு வரை தவழ்ந்து வந்தது. டிவியின் இடது ஓரத்திலிருந்து ஒரு தலைமுடியும் இரண்டு கையும் பாய்ந்து வந்தன. உடனே குழந்தை தரையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது.

"அது யாரு?" என்றாள் அக்கா.

படம் ஓடியது. குழந்தை நின்றது. மேசை விரிப்பைப் பிடித்து இழுத்தது; மேசை மேல் ஒரு கண்ணாடிக் கூஜா ஆடியது. பளிச். வாயைத் திறந்தபடி மைத்துனன், இருபத்தெட்டு வயசு மைத்துனன், நிறைய முடியோடு. உடனே குழந்தை வேறு ஒரு நாளில் வேறு ஒரு கவுனில் கைதட்டிக்கொண்டிருந்தது. அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாலாவது தடவை அவன் முளைத்தபோது அறையே சிரித்தது. ஆறாவது தடவைக்கு எல்லாரும் காத்திருந்து, "இதோ வரப்போறான், இதோ" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். முழுசாக இருந்திருந்தால் அவனை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அரை அரை நொடியாக வெட்டிப் போட்டதில் அவன்தான் கதாநாயகன் ஆகிவிட்டான். எக்ஸ்ரேக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

அப்போது மாடிப்படி வந்தது. மகளுக்கு இரண்டு வயது. மேல்படியில் நின்று, கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, படி இல்லாத பக்கம் காலை நீட்டினாள். கீழேயிருந்து மைத்துனன் மூன்று படியை ஒரே தாவலாக... அவ்வளவுதான். அடுத்து பிறந்தநாள் தொப்பி.

இந்தத் தடவை மகள் சிரிக்கவில்லை. திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா, நான் விழுந்தேனா?"

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். படத்தை வெட்டியவர் அவர்தான்; வெட்டுப்பட்டதில் என்ன இருந்தது என்று அவரைத் தவிர யாரைக் கேட்பது?

"இல்ல."

"ஏன் விழல?"

"பிடிச்சுட்டான்."

"யாரு?"

எட்டு வருடமாக வாயால் சொல்லாத ஒரு சொல். மனைவி கையில் தம்ளரோடு அப்படியே நின்றாள். "உன் மாமா" என்றார் அவர்.

படம் ஓடியது. இப்போது ஒவ்வொரு வெட்டுக்கும் மகள் கேட்டாள், அவர் பதில் சொன்னார். கூஜா உடைந்ததா? இல்லை, மாமா ஏந்திவிட்டான். கதவிடுக்கில் விரல் நசுங்கியதா? இல்லை, மாமா தன் செருப்பைக் கொடுத்துத் தடுத்தான். சொல்லச் சொல்ல அவர் குரல் தாழ்ந்துகொண்டே வந்தது.

பூங்காக் குளம் வந்தது. நான்கு வயது மகள் வாத்துக்கு ரொட்டி போடுகிறாள். இன்னும் கொஞ்சம் குனிகிறாள். ஒரு கால் தரையில் இல்லை. வலது பக்கத்திலிருந்து மைத்துனன் கிடைமட்டமாகப் பறந்து வருகிறான். அடுத்த நொடியில் அவள் கணுக்கால் வரை தொங்கும் ஒரு ஆண்பிள்ளைச் சட்டைக்குள் நின்று தும்முகிறாள்.

"அது யாரு சட்டை?" என்றாள் மகள்.

"மாமாவோடது."

அக்கா உச்சுக்கொட்டினாள். "இருந்தாலும் உங்க கையே கை. இத்தனை நடந்திருக்கு, படம் ஒரு இழைகூட ஆடலையே."

பாராட்டாகத்தான் சொன்னாள். எக்ஸ்ரேக்காரர் ரிமோட்டை அழுத்தி அந்த அரை நொடிக்குத் திரும்பிப் போனார். நிறுத்தினார். மைத்துனன் அந்தரத்தில் நின்றான். குளக்கரை நேர்க்கோடாக இருந்தது. வாத்து தெளிவாக இருந்தது. மகளின் முகம் நடு மத்தியில், அளந்து வைத்தது மாதிரி. அவருக்கும் அவளுக்கும் நடுவில் மூன்று அடி இருக்கும். மைத்துனன் வந்தது முப்பது அடியிலிருந்து.

எத்தனையோ நாளாக எத்தனையோ பேரிடம், மகளை இத்தனை வருடம் கண்ணிமை மூடாமல் பார்த்தவன் நான் என்று சொல்லியிருக்கிறார்.

மறுபடி ஓடவிட்டார். சைக்கிள். ஆறு வயது. இறக்கத்தில் மகள் வேகமாக வருகிறாள், எதிரே மதில். மைத்துனன் சைக்கிளுக்குப் பின்னால் தலைதெறிக்க ஓடிவருகிறான். பளிச். மகள் மதில் மேல் உட்கார்ந்து காலை ஆட்டுகிறாள்.

"இதுல என்ன ஆச்சுப்பா?"

எக்ஸ்ரேக்காரர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "தெரியல" என்றார்.

"எடுத்தது நீங்கதானே?"

"எடுத்தேன்மா. பார்க்கல."

அவர் ரிமோட்டை மடியில் வைத்துவிட்டு, கதவோரம் இருந்த நாற்காலியை நேராகப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது, அதை மறைக்கவும் இல்லை.

"மச்சான், நீ சொல்லு. என்ன ஆச்சு?"

மைத்துனன் தம்ளரோடு நின்ற அக்காவைப் பார்த்தான். அவள் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை அழுத்திக்கொண்டிருந்தாள். அவன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"மதில்கிட்ட சீட்டைப் பிடிச்சு நிறுத்திட்டேன். முழங்கை பூரா தோல் உரிஞ்சிடுச்சு. உயிர் போற வலி. அப்ப அத்தான் என்ன சொன்னார் தெரியுமா?"

"என்ன சொன்னாரு?" என்றாள் மகள்.

"'கொஞ்சம் தள்ளி நின்னு பிடி மச்சான், பிள்ளை முகம் மறைக்குது'ன்னாரு."

அறை அதிர்ந்தது. சிரித்துச் சிரித்து அக்கா சோபாவிலிருந்து சரிந்தாள். எக்ஸ்ரேக்காரரும் சிரித்தார், கண்ணீர் வழிய வழிய, தலையை இரண்டு பக்கமும் ஆட்டிக்கொண்டு. "சொல்லியிருப்பேன்" என்றார். "சொல்லியிருப்பேன்டா மச்சான்."

படம் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மகள் எழுந்துபோய் அதை நிறுத்தினாள். பிறகு மாமாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முதலிலிருந்து, கட்டில் விளிம்பிலிருந்து சொல்லச் சொன்னாள்.